பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் தகராறுகள்: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் 'கலர்' என்பதை யு சேர்த்து எழுதினால் கணினி அடியில் சிவப்புக் கோடு இழுக்கிறது. யு-வை எடுத்தால் கோடு போய்விடுகிறது. உடனே பலரும் பள்ளியில் படித்த ஸ்பெல்லிங்கையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். சந்தேகம் வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் படித்தது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். மென்பொருள்களோ பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தோடு வந்து இறங்குகின்றன. ஆய்வேடு, கட்டுரை, அலுவலக அறிக்கை என்று மற்றவர்களின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. எந்த ஆவணம் வந்தாலும், அது எந்த நாட்டு ஆங்கிலம் என்று உள்ளே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அது தெரியாமல் சொல்லில் கை வைத்தால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

போனில் ஒருவருக்கு ஸ்பெல்லிங் சொல்வதுபோல, இங்கே எழுத்துகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்: எஸ், சி, இசட், யு என்று.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இது யாருக்குப் போகிறது? லண்டன் பல்கலைக்கழகத்துக்கு, இந்திய அரசு அலுவலகத்துக்கு, நீதிமன்றத்துக்கு என்றால் பிரிட்டிஷ். அமெரிக்க நிறுவனத்துக்கு என்றால் அமெரிக்க ஸ்பெல்லிங். ஆய்விதழ் என்றால் ஆசிரியர்களுக்கான குறிப்பில் எழுதியிருப்பார்கள். பல இதழ்கள் 'இரண்டில் எதுவானாலும் சரி, கலக்காதீர்கள்' என்று மட்டும் சொல்கின்றன. அப்படியானால் உங்களுக்குப் பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். இனி, உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்குப் போகலாம்.

சரியான பிரிட்டிஷ் சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு வருகிறது

காரணம் அனேகமாக மொழி அமைப்புதான். மைக்ரோசாஃப்ட் வேர்டில் கீழே உள்ள பட்டையைப் பாருங்கள். அங்கே 'இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று இருந்தால் விஷயம் முடிந்தது. கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ரிவியூ' தாவலில் 'லாங்குவேஜ்', அதற்குள் 'செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்' போய், 'யுனைடெட் கிங்டம்' என்று உள்ள ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். தமிழா ஆங்கிலமா என்று பிரிப்பதற்கு அது உதவலாம். எந்த நாட்டு ஆங்கிலம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அதனிடம் நான் விடமாட்டேன். இனி எழுதப் போகும் எல்லா ஆவணத்துக்கும் இதுவே வேண்டும் என்றால் 'செட் ஆஸ் டீஃபால்ட்' பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.

கூகுள் டாக்ஸில் 'ஃபைல்' பட்டியலுக்குள்ளேயே 'லாங்குவேஜ்' இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் கீழ்ப்பட்டையில் மொழிப் பெயரைக் கிளிக் செய்தால் போதும். போனில் ஜிபோர்டு விசைப்பலகை என்றால் அதன் மொழிப் பட்டியலில் பிரிட்டன் ஆங்கிலத்தையோ இந்திய ஆங்கிலத்தையோ சேர்த்துவிட்டு, அமெரிக்க ஆங்கிலத்தை நீக்குங்கள். நீக்காவிட்டால் பரிந்துரைகளில் அது மூக்கை நுழைத்துக்கொண்டே இருக்கும்.

குரோம் உலாவியில் ஒரு கண்ணி உண்டு. அமைப்புகளில் பிரிட்டன் ஆங்கிலத்தை டிக் செய்வார்கள், அமெரிக்க ஆங்கிலத்தின் டிக்கையும் அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டு அகராதியும் வேலை செய்யும்போது, ஏதாவது ஒன்றில் சொல் இருந்தாலே கோடு வராது. ஒரே பத்தியில் 'கலர்' யு-வோடும் 'ஃபேவரிட்' யு இல்லாமலும் எழுதினாலும் உலாவி வாயே திறக்காது. ஒன்றை மட்டும் வையுங்கள்.

கோடு வந்த சொல்லை வலது கிளிக் செய்து அகராதியில் சேர்த்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கோடு மறையும், நோய் இருக்கும். அதனால் வரும் தொல்லையைக் கடைசியில் பார்க்கலாம்.

மொழியை மாற்றியும் சில பத்திகளில் மட்டும் கோடு போகவில்லை

வேர்டில் மொழி என்பது ஆவணத்துக்கு ஒட்டுமொத்தமாக வைக்கப்படுவதில்லை. எழுத்தின் தடிமன், சாய்வு போல அதுவும் ஒவ்வொரு எழுத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ஆங்கிலம் என்று குறிக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து ஒட்டினால், அந்தக் குறியும் கூடவே வந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து எழுதிய அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் மொழி மாறுவது இதனால்தான்.

கன்ட்ரோல்-ஏ போட்டு மாற்றினேனே என்பீர்கள். அது பிரதான உரையை மட்டும்தான் பிடிக்கும். அடிக்குறிப்புகள், பக்கத் தலைப்பு, உரைப் பெட்டிகள் எல்லாம் தனி. அடிக்குறிப்பு ஒன்றுக்குள் கர்சரை வைத்து மறுபடியும் கன்ட்ரோல்-ஏ கொடுத்து அங்கேயும் மொழியை மாற்ற வேண்டும். தலைப்புகள் மட்டும் அடம் பிடித்தால் அந்த ஸ்டைலுக்கு உள்ளேயே அமெரிக்க மொழி வைக்கப்பட்டிருக்கும். 'மாடிஃபை ஸ்டைல்' பெட்டியில் 'ஃபார்மட்' பொத்தானுக்குள் 'லாங்குவேஜ்' இருக்கிறது. இனிமேல் ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற வழியில் ஒட்டினால் பாதித் தொல்லை குறையும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: எந்தச் சொல்லைக் கன்னாபின்னாவென்று அடித்தாலும் கோடே வருவதில்லை. அந்தப் பகுதியில் 'டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து ஒட்டிய உரையில் இது அடிக்கடி நடக்கும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தாகத் தெரிகிறது. கோடு வந்தால் எரிச்சலோடு நின்றுவிடும். கோடே இல்லாத பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பிவிடுவோம்.

'ஆர்கனைஸ்' என்பதை எஸ் போட்டாலும் இசட் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இசட் என்றால் அமெரிக்கா, எஸ் என்றால் பிரிட்டன் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. அமெரிக்கர்கள் இசட் மட்டுமே எழுதுவார்கள் என்பது சரி. பிரிட்டனில் இரண்டும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் இந்த 'ஐஸ்' விகுதிக்கு இசட்தான் போடுகிறது. அதன் மூலம் கிரேக்க மொழியில் இருக்கிறது, அங்கே அது இசட் ஒலிதான் என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சு வழியாக வந்த எஸ் வடிவத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வைத்துக்கொண்டது. பிரிட்டன் அரசின் இணையதளமும் அங்குள்ள பெரும்பாலான செய்தித்தாள்களும் எஸ் பக்கம்தான்.

ஐக்கிய நாடுகள் சபை ஆக்ஸ்ஃபோர்டு முறையை எடுத்துக்கொண்டது. அதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரில் 'லேபர்' யு-வோடும், பக்கத்திலேயே 'ஆர்கனைசேஷன்' இசட்டோடும் உட்கார்ந்திருக்கின்றன. பார்ப்பவர்களுக்குக் கலப்படம் மாதிரித் தோன்றும். அது சுத்தமான ஆக்ஸ்ஃபோர்டு பிரிட்டிஷ். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிலும் இசட். நம் இஸ்ரோவின் முழுப் பெயரிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் முழுப் பெயரிலும் அதே சொல்லுக்கு எஸ். இந்தப் பெயர்கள் எல்லாம் வரும் ஒரு கட்டுரையில் ஒவ்வொன்றையும் அவரவர் எழுதும்படியே விட வேண்டும்.

மென்பொருளின் பிரிட்டிஷ் அகராதி இரண்டையும் ஏற்பது இதனால்தான். அது பழுது இல்லை. ஆனால் கலப்பைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. வாங்குபவர் எதுவும் சொல்லவில்லை என்றால் எஸ் போடுங்கள் என்பதே என் யோசனை. இசட் போட்டால், அது ஆக்ஸ்ஃபோர்டு முறை என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பவர் நம்பவும் மாட்டார்.

இசட் முறையில் போகிறவர்களுக்கு இரண்டு பள்ளங்கள். முதலாவது, எந்த நாட்டிலும் எந்த முறையிலும் எஸ் மட்டுமே எடுக்கும் சொற்கள்: அட்வர்டைஸ், அட்வைஸ் (வினை மட்டும்), சர்ப்ரைஸ், எக்சர்சைஸ், ரிவைஸ், சூப்பர்வைஸ், காம்ப்ரமைஸ், இம்ப்ரொவைஸ், டெலிவைஸ். இவற்றில் இருப்பது அந்தக் கிரேக்க விகுதியே அல்ல. அமெரிக்கர்களும் இவற்றுக்கு எஸ்தான். இரண்டாவது, 'அனலைஸ்', 'பாராலைஸ்' போன்றவை. இவற்றின் கடைசியில் ஒய்-எஸ்-இ வரும். ஆக்ஸ்ஃபோர்டும் இங்கே எஸ்தான் போடும். இசட் போட்டால் அது அமெரிக்க ஸ்பெல்லிங். ஆய்வேடுகளில் 'அனலைஸ்' இல்லாத பக்கமே கிடையாது, அதனால் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு முறையை அறிந்து எழுதியிருக்கிறாரா, இல்லை அமெரிக்க முறை தானாக நுழைந்துவிட்டதா என்று இந்த ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மாற்றும்போது 'ரீப்ளேஸ் ஆல்' பக்கம் போகவே வேண்டாம். ஐ-இசட்-இ என்பதையெல்லாம் ஐ-எஸ்-இ ஆக்கச் சொன்னால் 'சைஸ்', 'பிரைஸ்' என்ற பரிசு, 'சீஸ்' என்ற கைப்பற்றல், 'சிட்டிசன்' என எல்லாமே சேர்ந்து மாறும். எதிர்த் திசையில் போனால் இன்னும் மோசம்: 'ரைஸ்', 'வைஸ்', 'நாய்ஸ்', 'பிராமிஸ்' எல்லாம் இசட் வாங்கிக்கொண்டு நிற்கும். தேடலில் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். நூறு பக்க ஆவணத்துக்கும் இது ஒரு காபி குடிக்கும் நேர வேலைதான்.

கோடே வரவில்லை, ஆனால் திருத்துபவர் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்

இரண்டு ஸ்பெல்லிங்கும் அகராதியில் இருக்கும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. இந்த இடத்தில் சாதாரண ஸ்பெல் செக்கால் பெரிதாகப் பயனில்லை.

முதலிடம் 'லைசென்ஸ்', 'பிராக்டிஸ்' இரண்டுக்கும்தான். பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். கையில் இருக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கு சி. அதை வழங்கும் செயலுக்கு எஸ். வேல்ஸில் ஸ்வான்சீ நகரில் இருந்து பிரிட்டன் ஓட்டுநர் உரிமங்களை வழங்கும் அமைப்பின் பெயர் 'டிரைவர் அண்ட் வெஹிக்கிள் லைசென்சிங் ஏஜென்சி'. அமைப்பின் பெயரில் எஸ், அது அனுப்பும் அட்டையில் சி. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இதே கணக்குத்தான்: உரிமத்துக்கு சி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எஸ். மருத்துவரின் பிராக்டிஸ் சி. 'பிராக்டிசிங் அட்வகேட்' என்று போர்டு வைத்தால் எஸ். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'அட்வைஸ்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அதில் பெயருக்கும் வினைக்கும் உச்சரிப்பே வேறு என்பதால் காது சொல்லிவிடும்.

அமெரிக்கர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 'லைசென்ஸ்' இரண்டுக்கும் எஸ், 'பிராக்டிஸ்' இரண்டுக்கும் சி என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு எஸ், இன்னொன்றுக்கு சி ஏன் என்று கேட்காதீர்கள்.

'டிஃபென்ஸ்', 'அஃபென்ஸ்' பிரிட்டனில் சி. ஆனால் 'டிஃபென்சிவ்', 'அஃபென்சிவ்' இரண்டும் எல்லா நாட்டிலும் எஸ். பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரில் சி பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் சி போட்டுவிடுவார்கள். அதற்குக் கோடு வரும் என்பதால் தப்பித்துக்கொள்ளலாம்.

'புரோகிராம்' இன்னொன்று. கணினி நிரலுக்கு பிரிட்டனிலும் சிறிய வடிவம்தான். தொலைக்காட்சி நிகழ்ச்சி, அரசுத் திட்டம், விழா நிரல் என்றால் கடைசியில் எம்-இ கூடும். மத்திய அரசின் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரில் நீண்ட வடிவத்தைப் பார்க்கலாம். நிரல் எழுதுபவர், நிரலாக்கம் என்ற சொற்களுக்கு எங்கும் இரண்டு எம்.

'மீட்டர்' நீளத்தின் அலகு என்றால் ஆர்-இ, அளக்கும் கருவி என்றால் இ-ஆர். மின்சார மீட்டர், ஆட்டோ மீட்டர், தெர்மாமீட்டர் எல்லாம் கருவி. கிலோமீட்டர் அலகு. கட்டடத்தின் மாடியைக் குறிக்கும் 'ஸ்டோரி' சொல்லில் ஒய்-க்கு முன் ஒரு இ வேண்டும். இல்லாவிட்டால் அது கதை. பல மாடிக் கட்டடம் பற்றிய திட்ட அனுமதி ஆவணங்களில் இதைக் கவனியுங்கள். வங்கிக் காசோலை க்யூ-வோடு, சரிபார்ப்பு கே-யோடு. வண்டிச் சக்கரத்தின் டயருக்கு ஒய், களைத்துப் போவதற்கு ஐ. நடைபாதை ஓரக்கல் கே-யில் தொடங்கும், கட்டுப்படுத்துவது சி-யில் தொடங்கும்.

யு சேர்த்தேன், இப்போது அதற்கும் கோடு வருகிறது

அளவுக்கு மீறித் திருத்திவிட்டீர்கள். 'ஹியூமர்' யு-வோடு எழுதும் பிரிட்டிஷ்காரர் 'ஹியூமரஸ்' என்று வரும்போது யு-வை விட்டுவிடுவார். 'கிளாமரஸ்', 'விகரஸ்', 'ரிகரஸ்', 'லபோரியஸ்' எல்லாம் அப்படியே. லத்தீன் சாயல் கொண்ட விகுதி சேர்ந்தால் யு விழும். 'ஃபுல்', 'லெஸ்', 'ஏபிள்' சேர்ந்தால் யு நிற்கும். அதனால் 'கலர்ஃபுல்', 'ஹானரபிள்', 'ஃபேவரபிள்' எல்லாம் யு-வோடு. 'ஆனரரி' பட்டத்துக்கும் 'ஆனரேரியம்' என்ற மதிப்பூதியத்துக்கும் யு கிடையாது. கல்லூரிச் சுற்றறிக்கைகளில் யு போட்ட மதிப்பூதியத்தைத் தாராளமாகப் பார்க்கலாம்.

யு வரவே வராத சொற்கள் ஒரு பட்டாளம்: டாக்டர், ஆக்டர், டெய்லர், மிரர், எரர், டெரர், மோட்டார், கவர்னர். இதிலும் ஒரு வேடிக்கை. 1755இல் சாமுவேல் ஜான்சன் லண்டனில் வெளியிட்ட அகராதியில் 'எரர்', 'எம்பரர்' இரண்டுக்கும் யு இருந்தது. பின்னால் பிரிட்டிஷ்காரர்களே அதை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806இல் சிறிய அகராதியிலும் 1828இல் பெரிய அகராதியிலும் இந்த வகைச் சொற்களிலிருந்து யு-வை ஒட்டுமொத்தமாக வழித்துவிட்டார். அவர் முன்வைத்த எல்லாமே எடுபட்டுவிடவில்லை. 'டங்' என்ற நாக்கை ஒலிப்படி டி-யு-என்-ஜி என்று எழுதச் சொன்னதை அமெரிக்கர்களே கண்டுகொள்ளவில்லை. 'கிளாமர்' சொல்லில் மட்டும் அமெரிக்காவிலும் யு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, அமெரிக்க ஆவணம் என்று சொல்லி அங்கே யு-வை வெட்டப் போகாதீர்கள்.

எல் ஒன்றா இரண்டா என்று தடுமாறுகிறது

'டிராவலிங்', 'கேன்சல்டு', 'லேபல்டு', 'ஜுவல்லரி', 'மார்வலஸ்' இவற்றில் பிரிட்டிஷ் முறைக்கு இரண்டு எல், அமெரிக்க முறைக்கு ஒன்று. இதைப் பார்த்து, பிரிட்டிஷ் என்றால் எப்போதும் எல் அதிகம் என்று முடிவு செய்தால் அங்கேதான் வழுக்கும். 'ஃபுல்ஃபில்', 'ஸ்கில்ஃபுல்', 'என்ரோல்', 'என்ரோல்மென்ட்', 'இன்ஸ்டால்மென்ட்' என்ற தவணை, இவற்றிலெல்லாம் பிரிட்டனில்தான் எல் குறைவு. வங்கிக் கடனின் இஎம்ஐயில் கடைசி ஐ-க்கான சொல்லை ஒற்றை எல் போட்டு எழுதினால் பிரிட்டிஷ், இரட்டை போட்டால் அமெரிக்கா. 'கன்ட்ரோல்டு', 'என்ரோல்டு' போல இறுதி அசையில் அழுத்தம் விழும் சொற்களுக்கு இரண்டு நாட்டிலும் இரட்டை எல்.

திருத்தியபின் ஊர்ப் பெயரும் நிறுவனப் பெயரும் மாறிப்போயின

'ரீப்ளேஸ் ஆல்' செய்த வேலை இது. உடனே கன்ட்ரோல்-இசட். பேர்ல் ஹார்பரில் யு கிடையாது, சென்னையின் துறைமுகம் சட்டமன்றத் தொகுதியின் ஆங்கிலப் பெயரில் யு உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு யு இல்லை, பிரிட்டனின் லேபர் கட்சிக்கு உண்டு. ஆஸ்திரேலியர்கள் அன்றாடம் யு போட்டு எழுதுபவர்கள், ஆனால் அங்கிருக்கும் லேபர் கட்சி 1912இலிருந்து தன் பெயரில் யு இல்லாமல் இருக்கிறது. நாசாவின் கென்னடி விண்வெளி மையம் இ-ஆர், ஸ்ரீஹரிகோட்டாவின் சதீஷ் தவான் விண்வெளி மையம் ஆர்-இ. பிறர் எழுத்தை மேற்கோளாகக் கொடுத்திருந்தாலும், நூற்பட்டியலில் தலைப்பாகக் கொடுத்திருந்தாலும் அதையும் தொடக் கூடாது. சாம்பல் நிறத்துக்கு பிரிட்டனில் இ, அமெரிக்காவில் ஏ என்பது தெரியும்; ஆனால் கிரேஹவுண்ட் நாய்க்கு எங்கும் இ-தான், கதிர்வீச்சை அளக்கும் 'கிரே' அலகு ஒரு விஞ்ஞானியின் பெயர் என்பதால் எங்கும் ஏ-தான்.

எக்செலில் கூட்டுத்தொகை இடிக்கிறது

பட்டியலில் ஒரே மையத்தை மூன்று பேர் உள்ளிட்டிருப்பார்கள். ஒருவர் 'சென்டர்' ஆர்-இ, மற்றவர் இ-ஆர். தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் ஒரே இடம் இரண்டு வரிசையாக விழும். எண்ணிக்கை எடுக்கும் கவுன்ட்இஃப் சூத்திரம் பாதியைத்தான் எண்ணும். எக்செல் அறைகளில் சிவப்புக் கோடு வராது என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். எஃப்7 அழுத்தினால் சரிபார்க்கும், ஆனால் அதன் அகராதி மொழி 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ப்ரூஃபிங்' பகுதியில் இருப்பதுதான். வேர்டு போலப் பகுதிக்குப் பகுதி வேறு மொழி வைக்க முடியாது. அந்த நெடுவரிசையில் ஃபில்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள், இரட்டை வடிவங்கள் அடுத்தடுத்து நிற்கும். முழு அறையும் பொருந்தினால் மட்டும் மாற்றும் தேர்வோடு திருத்தி, பிறகு அந்த நெடுவரிசைக்கு டேட்டா வேலிடேஷனில் பட்டியல் ஒன்றைப் போட்டுவிடுங்கள். தட்டச்சு செய்யவே விடாதீர்கள்.

நிரலில் நிறம் மாறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'கலர்' யு இல்லாமல்தான். யு போட்டால் உலாவி திட்டாது, அந்த வரியைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். நடுவில் நிறுத்தும் 'சென்டர்' இ-ஆர். ஆனால் சாம்பல் நிறப் பெயரை மட்டும் ஏ, இ இரண்டு விதமாகவும் சிஎஸ்எஸ் ஏற்கும். புள்ளியியலுக்கான ஆர் மொழியில் வரைபடம் வரையும் ஜிஜிபிளாட்2 நூலகம் 'கலர்' சொல்லையும் இரு விதமாகவும் வாங்கிக்கொள்கிறது. அதை எழுதியவர் நியூசிலாந்துக்காரர்.

அப்புறம் 'கேன்சல்டு'. ஜாவாவில் ரத்தானதா என்று கேட்கும் மெத்தடுக்கு இரண்டு எல், சி ஷார்ப்பில் டாஸ்க் ரத்தானதைச் சொல்லும் பண்புக்கு ஒன்று. கூகுள் காலண்டரின் ஏபிஐ (மற்ற நிரல்கள் அதோடு பேசும் வழி) நிகழ்வின் நிலையை இரண்டு எல் போட்டு அனுப்பும், பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப்பின் ஏபிஐ சந்தாவின் நிலையை ஒரு எல் போட்டு அனுப்பும். இரண்டையும் இணைக்கும் நிரலில் நேரடியாக ஒப்பிட்டால் ரத்தான எதுவும் ரத்தானதாகத் தெரியாது. உள்ளே வரும் இடத்திலேயே ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நிரலின் மாறிப் பெயர்களுக்கு நான் அமெரிக்க வடிவத்தையே சொல்வேன். திரையில் பயனர் பார்க்கும் சொற்களில் பிரிட்டிஷ் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவ, வேதியியல் சொற்களில் பிரிட்டிஷ் இதழே 'அமெரிக்க' வடிவம் கேட்கிறது

'அனீமியா', 'ஹீமோகுளோபின்', 'பீடியாட்ரிக்' ஆகியவற்றில் ஏ-இ, 'ஈஸ்ட்ரஜன்', 'டயரியா' ஆகியவற்றில் ஓ-இ என்பது பிரிட்டிஷ் வழக்கம்தான். விதிவிலக்காக, கருவைக் குறிக்கும் 'ஃபீட்டஸ்' சொல்லுக்கு பிரிட்டிஷ் மருத்துவ எழுத்திலும் ஓ வேண்டாம் என்கிறார்கள்; லத்தீன் மூலத்திலேயே அந்த ஓ இல்லை. கந்தகத்துக்கு பிஹெச் போடும் பழைய வழக்கத்தை விட்டு எஃப் வடிவத்தை 1990இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் ஏற்றது. பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கமும் 1992இல் அதைப் பின்பற்றியது. அலுமினியத்துக்கோ பிரிட்டிஷ் வடிவமே தரமானது.

நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு விதிவிலக்கு. பொதுவான பிரிட்டிஷ் எழுத்தில் 'ஜட்ஜ்மென்ட்' ஜி-க்குப் பின் இ வரலாம், சட்டத்தில் வராது. வழக்கு ஆவணத்தில் அந்த இ-யைச் சேர்க்காதீர்கள்.

எல்லாம் சரியாக அமைத்தும் அமெரிக்கச் சொற்கள் கோடில்லாமல் போகின்றன

வலது கிளிக் பழக்கத்தின் விளைவு இது. முன்பு எப்போதோ அகராதியில் சேர்த்த சொற்கள் அங்கேயே இருக்கின்றன. வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்', 'கஸ்டம் டிக்ஷனரீஸ்', 'எடிட் வேர்ட் லிஸ்ட்' என்று போய்ப் பட்டியலைப் படியுங்கள். மனிதப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் இருக்கட்டும், மற்றதை நீக்குங்கள். அதே 'ப்ரூஃபிங்' பகுதியில் ஆட்டோகரெக்ட் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். அடித்த சொல் கண் முன்னால் தானாக மாறினால் அங்கேதான் காரணம் இருக்கும்.

அகராதி ஏற்கும் ஒரு சொல்லுக்கு வேண்டுமென்றே கோடு வரச் செய்யவும் முடியும். விண்டோஸில் உங்கள் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரோமிங், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் யுப்ரூஃப் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அங்கே 'எக்ஸ்க்ளூட் டிக்ஷனரி' என்று தொடங்கும் கோப்புகளில் இஎன்0809 என்று முடிவதுதான் பிரிட்டன் ஆங்கிலத்துக்கு உரியது; இஎன்0409 அமெரிக்க ஆங்கிலத்துக்கு. நோட்பேடில் திறந்து, இசட் போட்ட 'ஆர்கனைஸ்', 'ரியலைஸ்', 'ரெகக்னைஸ்' போன்ற சொற்களை வரிக்கு ஒன்றாகச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். இறந்தகால வடிவம், 'இங்' வடிவம், பெயர் வடிவம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை அது ஊகிக்காது. சேமித்து, வேர்டை மூடித் திறந்தால் அவற்றுக்கெல்லாம் கோடு வரும்.